இருமலில் போன 32 நாள்

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு இருமல் வருவது ஒரு செய்தியே இல்லை. ஒட்டுகிற சொல்யூஷன் வாடை, தோலை இழைக்கும்போது பறக்கிற தூசி, எட்டு மணி நேரம் மெஷின் சத்தம். எங்கள் லைனில் முப்பது பேர் இருந்தால் பத்துப் பேராவது இருமிக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் 2022 டிசம்பர் கடைசியில் எனக்கு இருமல் ஆரம்பித்தபோது நானும் கண்டுகொள்ளவில்லை. ஊர் ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். காலை ஏழு மணிக்கு கம்பெனி வேன் வரும், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ராணிப்பேட்டைப் பக்கம் போய்விடும். அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. நாலு வருஷம் முடிந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. சம்பளம் 12,900. இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வரப்போகிறது.

ஜனவரியில் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் இருக்காது, அதனால் வேலைக்குப் போய்விடுவேன், மத்தியானத்துக்கு மேல் உடம்பு தள்ளாடும். பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். ஊசி, ஐந்து நாள் மாத்திரை, டானிக். சரியாகவில்லை என்று இன்னொரு கிளினிக். அங்கே ரத்தப் பரிசோதனை, மறுபடி ஐந்து நாள் மாத்திரை. இப்படியே பிப்ரவரி நடுவில் வரைக்கும் 9,400 ரூபாய் செலவாகிவிட்டது. ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன், என்றைக்காவது கம்பெனியில் கேட்டால் கொடுக்கலாம் என்று. அவசர நிலையும் இல்லாமல், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டர் எழுதிக்கொடுக்காமலும் நாமாகப் போய் வெளியில் செய்த செலவு திரும்ப வராது என்பது அப்போது தெரியாது.

ஜனவரியில் விட்டு விட்டு பதினோரு நாள் லீவு போட்டேன். அத்தனையும் என் ஈட்டிய விடுப்பில், அதாவது வேலை செய்த நாளுக்காகச் சேர்ந்திருந்த சம்பள விடுப்பில் கழிந்தது. பிப்ரவரி 1-ம் தேதி எழுந்து நிற்கவே முடியவில்லை. வீட்டுக்காரர் லைன் இன்சார்ஜுக்குப் போன் பண்ணினார். "லீவு இல்லீங்க, ஆப்சென்ட்தான் விழும்" என்று பதில் வந்தது. "உடம்பு சரியில்லாததுக்குன்னு சிக் லீவு கிடையாதா சார்?" என்று இவர் கேட்க, அவர் சிரித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வேலூரில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற என் தம்பிக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு சிக் லீவு உண்டே, எனக்கு மட்டும் ஏன் இல்லை?

இந்தக் கோபம் தப்பு என்று பிறகுதான் புரிந்தது. தம்பி வேலை செய்கிற கடைக்குச் சட்டமே வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் 12 நாள் விடுமுறை, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு என்று மூன்றும் தனித்தனியாக உண்டு. தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் சிக் லீவு என்று ஒன்றே கிடையாது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு, அவ்வளவுதான் இருந்தது. நோயில் படுத்தால் சோறு போட வேண்டியது இ.எஸ்.ஐ. மாசம் மாசம் என் சம்பளத்தில் முக்கால் சதவீதம், அதாவது 97 ரூபாய் பிடித்தார்கள். கம்பெனி தன் பங்காக மூன்றேகால் சதவீதம் கட்டியது. நாலு வருஷமாக அந்தப் பிடித்தத்தைப் பார்த்து "இது எதுக்குப் போவுதோ" என்று புலம்பியவள் நான். என் கண்ணுக்கு இ.எஸ்.ஐ. என்றால் வரிசையில் நின்று சளி மாத்திரை வாங்குகிற இடம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பணமும் தருவார்கள் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கார்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

இருபது நாள் வீட்டில் கிடந்தேன். 21-ம் தேதி காலையில் எங்கள் லைனில் இருக்கிற ஓர் அக்கா என்னைப் பார்க்க வந்தார். முந்தின வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர். என்னைப் பார்த்ததும் "இன்னாடி இது, இப்டி எளச்சுட்ட?" என்றார். அடுத்த கேள்வி, "சீட்டு வாங்கினியா?" எந்தச் சீட்டு என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தவர், அன்றைக்கு முழுநாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்ததும் முகம் மாறியது. எத்தனை நாளாக இருமல், எடை எவ்வளவு குறைந்தது, ராத்திரி வியர்க்கிறதா என்று மூன்றே கேள்வி. வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இரண்டு நாளில் காசநோய் என்று முடிவு வந்தது. ஒன்றரை மாசம் இரண்டு கிளினிக் அலைந்ததில் ஒருவர்கூடச் சளியை எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மருந்து முழுக்க இலவசம், ஆறு மாசம். முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டுப் பாத்ரூம் போனால் சிறுநீர் செம்பருத்திப் பூவை ஊறவைத்த தண்ணீர் மாதிரி சிவப்பாகப் போகிறது. ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்பேன். சத்துணவுக்கென்று அரசு மாசம் 500 ரூபாய் வங்கியில் போட்டது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு வந்த 500 தினம் ரெண்டு முட்டைக்குச் சரியாகப் போனது.

இப்போது அந்தச் சீட்டு. மருந்தகத்தில் டாக்டர் "இவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை" என்று எழுதித் தருவதுதான் முதல் சான்றிதழ். எல்லோரும் பர்ஸ்ட் சர்ட்டிபிகேட் என்றுதான் சொல்வார்கள். நோய்ப் பணத்தின், அதாவது வேலைக்குப் போக முடியாத நாளுக்கு இ.எஸ்.ஐ. தருகிற பணத்தின் கணக்கு அந்தச் சீட்டின் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது, உங்களுக்குக் காய்ச்சல் வந்த தேதியிலிருந்து அல்ல. பின்தேதி போட்டுத் தரமாட்டார்கள். என் சீட்டில் பிப்ரவரி 21 என்று இருந்தது. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, அது காத்திருப்புக் காலம். 23-ம் தேதியிலிருந்து நாளுக்கு, சராசரித் தினச் சம்பளத்தில் 70 சதவீதம். எனக்கு நாள் சம்பளம் 430, அதில் 70 சதவீதம் 301 ரூபாய். பிப்ரவரி 1-ம் தேதியே போயிருந்தால் அந்த இரண்டு நாள் அங்கேயே கழிந்து, இருபது நாளுக்கு 6,020 ரூபாய் கூட வந்திருக்கும். தனியார் டாக்டரிடம் காட்டுவது உங்கள் விருப்பம், அவசரத்துக்கு நானும் காட்டுவேன். ஆனால் அன்றைக்கே, முடியாவிட்டால் யார் தோளையாவது பிடித்துக்கொண்டாவது, இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய் நின்று சீட்டு வாங்கிவிடுங்கள்.

ஈட்டிய விடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. விடுப்புச் சம்பளம் வாங்குகிற நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது, இரண்டில் ஒன்றுதான். விடுப்பு எடுத்தால் முழுச் சம்பளம், இ.எஸ்.ஐ.யில் 70 சதவீதம். ரெண்டு நாள் காய்ச்சலுக்கு விடுப்பே நல்லது. நீண்டு போகும் என்று தெரிந்தால் விடுப்பைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. திரும்ப வேலைக்குப் போன பிறகு டாக்டரைப் பார்க்க மாசம் ஒரு நாளாவது வேண்டியிருக்கும். என் கையில் அப்போது ஒரு நாள்கூட மிச்சமில்லை.

சான்றிதழைக் கம்பெனியில் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. தகவல் இல்லாமல் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை, ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை என்று. கொடுத்த சீட்டு எங்கே போனது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. ஒரிஜினலைக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

மார்ச் இரண்டாம் வாரம் கம்பெனிக்கு நேரில் போனேன். மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, முகக்கவசம் போட்டிருந்தேன். இருந்தாலும் ஆபீஸ் அறையில் இருந்த மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். குரலில் ஒன்றும் கடுமை இல்லை, அதைச் சொல்ல வேண்டும். "உடம்பு முக்கியம்மா. ஆறு மாசம் ஆகும்ன்றீங்க. ரிசைன் பண்ணிட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க, பி.எஃப். பணம் கைக்கு வந்துரும், வைத்தியம் பாத்துக்கலாம். சரியானதும் வாங்க, எடுத்துக்கறோம்." ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதியே வைத்திருந்தார்கள், என் பெயருக்கு மட்டும் இடம் விட்டு. மேசையில் நூல் கட்டிய பேனா. உண்மையைச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் அரிசி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பி.எஃப். பணம் என்ற சொல் காதில் தேனாக விழுந்தது. நூல் கொஞ்சம் குட்டையாக இருந்ததால் தாளைப் பேனா பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில்தான் "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வரேன் மேடம்" என்று வாயில் வந்தது. பெரிய யோசனை எல்லாம் இல்லை. வெறும் பயம்.

அன்று சாயங்காலம் அந்த அக்கா, ராணிப்பேட்டையில் தொழிற்சங்க வேலை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார். அவர் சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன் என்று தெரிந்தது. இ.எஸ்.ஐ. சட்டம் 73-ம் பிரிவுப்படி, நோய்ப் பணம் வாங்குகிற காலத்திலும், சான்றிதழோடு சிகிச்சையில் இருக்கிற காலத்திலும் முதலாளி வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. ஆனால் நானே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பிரிவு எனக்கு எதற்கும் உதவாது. அடுத்தது, காசநோய் மாதிரி நீண்ட நாள் நோய்கள் 34 இருக்கின்றன, அவற்றுக்கு 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம் வீதத்தில் நீட்டித்த நோய்ப் பணம் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் வேலை செய்திருக்க வேண்டும், அதில் கடைசி நாலு சந்தாக் காலத்தில் (ஒரு சந்தாக் காலம் ஆறு மாசம்) 156 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தது. மூன்றாவது, பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி, ஐந்து வருஷம் முடித்தவர் வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய தொகை. ஐந்து வருஷம் ஆக எனக்கு ஆறு மாசச் சொச்சம்தான் பாக்கி. நோயில் வராமல் இருந்த காலம் சர்வீஸை அறுக்காது, ராஜினாமா அறுத்துவிடும். இத்தனையையும் நூல் கட்டிய ஒரு பேனாவுக்குக் கொடுத்திருப்பேன்.

(2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இ.எஸ்.ஐ., பணிக்கொடை எல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. நான் சொல்கிற பிரிவு எண்ணும் ஆண்டும் விதிகளும் என் சம்பவம் நடந்த 2023-க்கு உரியவை.)

அவர் எழுதிக்கொடுத்த பதில் பத்து வரிதான். எனக்கு இன்ன தேதியிலிருந்து இ.எஸ்.ஐ. சிகிச்சை, சான்றிதழ் நகல் இணைப்பு, சிகிச்சை முடிந்ததும் வேலைக்குத் திரும்புவேன். கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. பதிவுத் தபாலில் போனது. அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து ராஜினாமா பேச்சே வரவில்லை.

சரி, சீட்டு இருக்கிறது, வேலை இருக்கிறது. பணம்? அது வரவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் போனது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டால் இரண்டு சிக்கல். நான் வேலைக்கு வரவில்லை என்பதைக் கம்பெனி உறுதி செய்து அனுப்ப வேண்டிய படிவம் வரவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு இங்கேயும் பணம் வாங்கிவிடக் கூடாதே, அதற்கான படிவம் அது. கேட்பது நியாயம்தான், ஆனால் கம்பெனியில் அதை அனுப்ப மூன்று வாரம் ஆனது, அதுவும் வீட்டுக்காரர் நாலு நடை நடந்த பிறகு. இரண்டாவது சிக்கல் இன்னும் கேவலம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த வங்கிக் கணக்கு, அந்த வங்கி வேறொன்றோடு இணைந்துவிட்டதில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தது. பழைய எண்ணுக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று எல்லாமே தெரியும். பத்து நிமிஷ வேலை. எனக்கு அது இரண்டு மாசப் பட்டினி. முதல் பணம் கணக்கில் விழுந்தது மே மாசம் நடுவில்.

அதற்குள் மார்ச் 1-ம் தேதியே என் கம்மலும் ஜிமிக்கியும் அடகுக்குப் போய்விட்டன. ஒரு பவுன், 30,000 ரூபாய், ரெண்டு வட்டி. மாசம் 600. இதிலும் ஒரு முட்டாள்தனம். வேலையை விடாமலே பி.எஃப்.பில் மருத்துவ முன்பணம் எடுக்கலாம், அந்த விதியில் காசநோய் என்று பெயர் சொல்லியே இருந்தது, குறைந்தபட்ச சர்வீஸ்கூடத் தேவையில்லை. ஆன்லைனிலேயே போடலாம். ரிசைன் பண்ணினால் பி.எஃப். வரும் என்று சொன்ன மேடம் இதைச் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே சொல்லவில்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த இழப்புக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மார்ச் 20-ம் தேதி போளூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இங்கே சின்னக் குழந்தைகள், தனியாகப் படுக்க இடம் இல்லை, வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. மாத்திரை எல்லாம் கையோடு எடுத்துப் போனேன், ஒரு வேளைகூட விடவில்லை. போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அம்மாவுக்கு இன்னும் எல்லாமே வட ஆற்காடு ஜில்லாதான், "ஒரே ஜில்லாதானேடி, இங்க இருந்தா இன்னா?" என்றார். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும் முட்டையுமாகப் பன்னிரண்டு நாள் ராஜபோகம். திரும்பி வந்து ஏப்ரல் 1-ம் தேதி மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் கோபித்துக்கொண்டார். ஆரம்பத்தில் ஏழு நாளுக்கு ஒரு தடவை போய் இடைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு நோய் நீளும் என்று தெரிந்தால் நாலு வாரத்துக்கு ஒன்றாகத் தருவார்கள். எனக்கு மார்ச் 19-ம் தேதி வரைதான் சீட்டு இருந்தது. பணம் வாங்குகிற காலத்தில் மருத்துவ அலுவலரின் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறுகிற பகுதியை விட்டுப் போகவும் கூடாது. முன்னாலேயே கேட்டிருந்தால் அனுமதி வாங்கியிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. 12 நாள், 3,612 ரூபாய். ஒரே ஒரு ஆறுதல், பணம் வாங்கிய கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள் மறுபடி சீட்டு தொடங்கிவிட்டதால் இன்னொரு தடவை இரண்டு நாள் காத்திருப்பு விழவில்லை.

தலைப்பில் இருக்கிற 32 நாள் இதுதான். பிப்ரவரியில் 20, மார்ச்சில் 12. நாளுக்கு 301 என்று வைத்தாலே 9,632 ரூபாய்.

ஜூன் 5-ம் தேதியோடு 91 நாள் முடிந்தது. மொத்தம் 27,391. அடுத்த நாளிலிருந்து 80 சதவீதம், நாளுக்கு 344, ஜூன் 30 வரை 25 நாளுக்கு 8,600. நோய் முற்றி நீண்டு போகிற காலத்தில் தொகை குறையாமல் கூடுகிறது என்பதைப் பார்த்தபோது, இந்த விதியை எழுதியவர் யாரோ ஒரு நோயாளி வீட்டைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும், எங்கள் லைனில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று, அதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருந்தால்தான் அதற்குரிய ஆறு மாசத்தில் நோய்ப் பணம் கேட்க முடியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஒன்பது மாசம் இந்தப் பணம் கிடையாது, வைத்தியம் மட்டும்தான். திருவிழா, அறுவடை, பிள்ளைக்குக் காதுகுத்து என்று அடிக்கடி ஆப்சென்ட் போடுகிற ஒரு பெண் டைபாய்டில் படுத்தபோது 71 நாள்தான் இருந்தது. ஒரு பைசா வரவில்லை. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யே கிடையாது. என் வீட்டுக்காரரிடம் சிரித்தாரே லைன் இன்சார்ஜ், அவர் அந்தக் கோட்டுக்கு மேலே. அவர் படுத்தால் கம்பெனி மனசு வைப்பதுதான் வழி.

ஜூலை 1-ம் தேதி, சனிக்கிழமை, வேலை செய்யத் தகுதி என்று டாக்டர் எழுதித் தந்த சான்றிதழோடு வேலைக்குப் போனேன். மாத்திரை ஆகஸ்ட் வரை பாக்கி இருந்தது. சளியில் கிருமி இல்லை என்று எழுதித் தந்திருந்தார்கள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் பாக்ஸைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அந்த அக்கா தன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, என் பாக்ஸிலிருந்தே பொரியலைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு தீபாவளி வரை ஆனது.

எனக்கு அப்போது பெரிய கவலை வேறு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாசம் வேலை செய்யவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் 78 நாள் சேராவிட்டால் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை நோய் திரும்பினால் கையில் ஒன்றும் இல்லை. தினசரி காலண்டரில் ஞாயிறைச் சேர்க்காமல் எண்ணிப் பார்த்தேன். ஜூலையில் 26, ஆகஸ்டில் 27, செப்டம்பரில் 26. மொத்தம் 79. ஒரே ஒரு நாள்தான் மிச்சம். கிழித்த தாளை எல்லாம் எறியாமல் அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது, நாத்தனார் வளைகாப்பு வந்தது, எதற்கும் லீவு போடவில்லை. நாத்தனார் இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறாள்.

செப்டம்பர் 30-ம் தேதியும் சனிக்கிழமையாக அமைந்தது. 79 ஆகிவிட்டது. சேமிப்புச் சீட்டில் ஏலம் எடுத்த பணம் ஒரு வாரமாக வீட்டில் இருந்தது, ஆனால் அடகுச் சீட்டு என் பேரில், நான்தான் போக வேண்டும். ஞாயிறு கடை கிடையாது, திங்கள் காந்தி ஜெயந்தி. செவ்வாய்க்கிழமை, ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக லீவு போட்டுவிட்டுப் போனேன். அடகுக்கடைக்காரர் கணக்குப் போட்டார். ஏழு மாசம் முடிந்து இரண்டு நாள் ஏறிவிட்டதாம், எட்டு மாச வட்டி, 4,800. சனிக்கிழமையே வந்திருந்தால் 600 மிச்சம் என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு, கடைக் கண்ணாடியிலேயே பார்த்து ஜிமிக்கியை மாட்டிக்கொண்டேன்.